இத்தாலிய மலைப்பக்கம் தனி வீடு: கடைசி இரண்டு கிலோமீட்டரை முதலில் விசாரியுங்கள்

கேள்வி இதுதான்: இரண்டு தம்பதிகள், செப்டம்பர் கடைசி வாரம், டஸ்கனியிலோ அதை ஒட்டிய மலைப்பகுதியிலோ அக்கம்பக்கம் ஆள் இல்லாத வீடு, சனியிலிருந்து சனி வரை. கிளம்புவது சென்னையிலிருந்து. இணையத்தில் எந்த வீட்டைப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது, எங்கே மாட்டிக்கொள்வோம்?

படத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். கல் சுவர், மர உத்திரம், வாசலில் சைப்ரஸ் மரம் எல்லா வீட்டிலும் இருக்கும். வீட்டுக்கு வீடு மாறுவது படத்தில் வராத சங்கதிகள்: தார்ச்சாலை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கரண்ட் எத்தனை கிலோவாட், சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள். ஊரை விட்டுத் தள்ளிப் போகும்போது, ஊர் நமக்காகச் செய்து வைத்திருக்கும் வேலைகளெல்லாம் நம் தலையில் விழும். அதைத் தெரிந்துகொண்டு போனால் அருமையான வாரம். தெரியாமல் போனால் மூன்றாம் நாளே ஹோட்டல் தேடுவீர்கள்.

முதலில் எந்த மலை என்பது. ஃபிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவில் இருக்கும் கியாந்தி பெயர் பெற்ற பகுதி. ஆனால் செப்டம்பர் கடைசியில் அங்கே திராட்சை அறுவடை. காலை ஏழு மணிக்கே டிராக்டர் சத்தம் கேட்கும், சாலையில் ஒயின் சுற்றுலாக் கூட்டம். தனிமைக்கு அது சரிவராது. சியெனாவுக்குத் தெற்கே வால் தோர்ச்சா, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நிலம். காட்சி அபாரம், ஆனால் மரம் குறைந்த மொட்டைக் குன்றுகள் என்பதால் உங்கள் வீடு மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியும். லூக்காவுக்கு வடக்கே கர்ஃபஞ்ஞானா உண்மையான காடு, கஷ்கொட்டை மரங்கள், ஆள் நடமாட்டம் குறைவு. ஆனால் பக்கத்து அபுவான் மலைகள் கடல் மேகத்தைத் தடுத்து நிறுத்துவதால் இத்தாலியிலேயே மழை அதிகம் பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று. நான்கு பேருக்குத் தனிமையும் வேண்டும், ஓரளவு வெயிலும் வேண்டும் என்றால் அரெட்ஸோவுக்கு வடக்கே கசெந்தீனோ, அல்லது டஸ்கனியை ஒட்டிய உம்ப்ரியாவின் வடக்கில் சித்தா தி கஸ்தெல்லோ, உம்பெர்தீதே ஊர்களைச் சுற்றியுள்ள குன்றுகள் என்று தேடச் சொல்வேன். அங்கே பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது விளம்பரத்தைப் படிக்கிற விதம். இத்தாலிய விளம்பரங்களில் சில சொற்களுக்குத் திட்டமான பொருள் உண்டு, மொழிபெயர்ப்பில் அது காணாமல் போய்விடும். 'கசாலே' என்றால் பழைய பண்ணை வீடு. 'போர்ட்ஸியோனே தி கசாலே' என்றால் அந்த வீட்டின் ஒரு பகுதி மட்டும். மறு பகுதியில் வீட்டுக்காரரோ இன்னொரு வாடகைக் குடும்பமோ இருப்பார்கள். 'போர்கோ' என்று இருந்தால் அது ஒரு குட்டிக் கிராமம், ஜன்னலுக்கு எதிரே ஜன்னல். 'இம்மெர்சோ நெல் வெர்தே' என்பதற்குப் 'பசுமையில் மூழ்கியது' என்று பொருள். நெடுஞ்சாலை ஓரத்து வீட்டுக்கும் போடுவார்கள், அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள். தனியாக நிற்கும் வீட்டுக்கு 'இசொலாதோ' என்று எழுதியிருக்கும், நீங்கள் தேடவேண்டியது இந்தச் சொல்லைத்தான். அறைக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. 'த்ரிலொகாலே' என்றால் மூன்று படுக்கையறை அல்ல. கூடத்தையும் சேர்த்து மூன்று அறை, அதாவது படுக்கையறை இரண்டுதான். '2 கூட்டல் 2 படுக்கை' என்று இருந்தால் பின்னால் வருகிற இரண்டு பேருக்குக் கூடத்து சோபாதான் மெத்தை. இரண்டு தம்பதிகளுக்கு இது ஒத்துவராது.

'அக்ரிதுரிஸ்மோ' என்பது வேறு வகை. விவசாயம் நடக்கும் பண்ணையில் மட்டுமே அந்தப் பெயரில் விருந்தினரைத் தங்கவைக்கலாம்; 2006ஆம் ஆண்டின் 96ஆம் எண் சட்டம் அதற்கானது. சாப்பாடும் கிடைக்கலாம், பக்கத்தில் ஆளும் இருப்பார்கள். முழுத் தனிமை வேண்டாம், அவசரத்துக்குக் கூப்பிட ஒருவர் இருந்தால் போதும் என்று நினைத்தால் முதல் முறை போகிறவர்களுக்கு இதுவே நல்லது.

ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்க இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் குறுகிய கால வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் 'சின்' எனப்படும் தேசிய அடையாளக் குறியீடு கட்டாயம். 'ஐ.டி.' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் நீளமான எண் அது. விளம்பரத்திலும் இருக்க வேண்டும், வீட்டு வாசலிலும் தெரிய வேண்டும். எண் இல்லாத விளம்பரத்தை அப்போதே தள்ளிவிடுங்கள். எண் இருப்பது மட்டும் போதாது, வேறு வீட்டின் எண்ணைத் திருடியும் போடலாம். அந்த எண்ணை இணையத்தில் தேடி, அதே வீடு அதே ஊர்ப்பெயரோடு வேறு தளத்திலும் வருகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வீடியோ அழைப்பில் வாசலிலிருந்து சமையலறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் யாரும் மறுப்பதில்லை. இதே விதியின்படி வீட்டில் தீயணைப்பான், எரிவாயு கசிந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தாலும் கத்துகிற கருவிகள் எல்லாம் இருக்க வேண்டும். விறகு எரிகிற வீட்டில் இது சடங்குக்குச் சொல்வதல்ல. போனதும் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இனி பாதை. மலை வீட்டுக்குப் போகும் கடைசிப் பகுதி பெரும்பாலும் தார் போடாத வெள்ளைச் சரளைப் பாதை, அதற்கு 'ஸ்த்ராதா பியாங்கா' என்று பெயர். வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "குவான்தி கிலோமெத்ரி தி ஸ்த்ராதா பியாங்கா?" எத்தனை கிலோமீட்டர் சரளை என்று அர்த்தம். இரண்டு வரை பரவாயில்லை. ஐந்து என்றால் ஒரு பாட்டில் பால் வாங்கப் போய்வருவதே பத்து கிலோமீட்டர் புழுதி. அடுத்து சரிவு எவ்வளவு, கான்கிரீட் போட்ட ஏற்றம் உண்டா, சாதாரண சின்னக் கார் மழையிலும் ஏறுமா என்று கேளுங்கள். "நாங்கள் தினமும் ஏறுகிறோம்" என்பது பதிலல்ல. அவர்களிடம் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபியட் பாண்டா இருக்கும், அந்த மலைகளில் பாதிப் பேர் வைத்திருப்பது அதைத்தான்.

வாடகைக் காரில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நான்கு பேர், நான்கு பெட்டி, காரின் பின்பக்கம் தாழ்ந்துவிடும்; பாதை நடுவில் மேடு தட்டியிருக்கும்; அடிப்பாகம் கல்லில் உரசும். கார் நிறுவனங்களின் காப்பீட்டில் அடிப்பாகமும் டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் சேராது; தார் போடாத பாதையில் ஓட்டவே கூடாது என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். புதுக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது, ஓட்டையை அடைக்கும் பசை டப்பா மட்டும்தான். ஆணி ஏறின ஓட்டையை அது அடைக்கும். கூர்க்கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் அடைக்காது. எனவே ஸ்டெப்னி இருக்கிறதா என்று கவுன்டரிலேயே கேளுங்கள், தரை இடைவெளி கூடிய வண்டியாக எடுங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அங்கே கியர் வண்டிதான் வழக்கம். ஏறும்போது முதல் கியரில் ஒரே வேகமாக, நடுவில் நிறுத்தாமல் போங்கள். நின்று கிளம்பினால் சரளையில் சக்கரம் சுழன்று குழி பறிக்கும். இறங்கும்போதும் முதல் கியர், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள்.

முதல் நாள் இருட்டில் போய்ச் சேராதீர்கள். செப்டம்பர் கடைசியில் ஏழு மணி தாண்டியதும் இருட்டிவிடும். மலைச் சாலையில் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சராசரி வராது. வரைபடம் ஒரு மணி நேரம் என்றால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரிக்குப் பதிலாக ஜி.பி.எஸ். எண்களை வாங்குங்கள். பல வீடுகளுக்கு முகவரி என்பது பழைய பண்ணையின் பெயர் மட்டும்தான். வரைபடச் செயலி அந்தப் பெயரை வைத்து மலையின் மறுபக்கத்து வண்டித்தடத்தில் கொண்டுபோய் விடும். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள்: 112க்கு ஆம்புலன்ஸ் கேட்டு அழைக்கும்போது சொல்லவேண்டியது அதுதான். ஃபோன் சிக்னல் வீட்டுக்குள் கிடைக்கிறதா, எந்த நிறுவனத்தின் சிம் என்பதையும் கேட்டுவிடுங்கள். பள்ளத்தாக்கில் ஒன்றுக்குக் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கிடைக்காது.

இந்தியர்கள் கார் எடுக்க ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். கார் நிறுவனம் கேட்காமல் விட்டாலும் சாலையில் போலீஸ் கேட்கும். இன்னொன்று: சியெனா, லூக்கா, ஃபிளாரன்ஸ் போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் வெளி வண்டி நுழையத் தடை. நுழைவில் தடுக்க ஆள் இருக்காது, அறிவிப்புப் பலகையும் கேமராவும் மட்டும்தான். நுழைந்தது தெரியாமலேயே ஊர் திரும்பியிருப்பீர்கள். அபராதம் மாதங்கள் கழித்து வரும், கார் நிறுவனத்தின் கட்டணம் தனி.

இப்போது வீட்டுக்குள். மின் இணைப்பு என்பதுதான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம். இத்தாலியில் வீட்டு இணைப்பு பெரும்பாலும் வெறும் 3 கிலோவாட். மீட்டர் 3.3 வரை தொடர்ந்து விடும். அதற்கு மேல் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மொத்த வீட்டையும் அணைத்துவிடும். ஓவன் 2 கிலோவாட், மின் கெட்டில் 2, வாஷிங் மெஷின் தண்ணீர் சூடாக்கும்போது 2, கீசர் 1.2 முதல் 1.5. இதில் இரண்டு சேர்ந்தாலே பெரும்பாலும் எல்லை தாண்டிவிடும். கரண்ட் போனால் முதலில் வீட்டுக்குள் பலகையைப் பாருங்கள். 'சால்வவீத்தா' என்கிற உயிர்காப்பு ஸ்விட்ச் கீழே விழுந்திருந்தால் ஏதோ கருவியில் கசிவு. அது மேலேயே இருந்தால் மீட்டர்தான் அணைந்திருக்கிறது. மீட்டர் பெரும்பாலும் வீட்டில் இருக்காது. பாதை தொடங்கும் இடத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கும், முந்நூறு மீட்டர் தள்ளியும் இருக்கலாம். இருட்டில் மழையில் டார்ச்சோடு நடந்துபோய் அதன் ஸ்விட்சை மேலே தள்ள வேண்டும். போன முதல் மணி நேரத்திலேயே மீட்டர் எங்கே, சாவி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

மின்னழுத்தம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், எனவே மிக்ஸியும் குட்டி ரைஸ் குக்கரும் ஓடும். ஆனால் நம் மூன்று முனை பிளக் நுழையாது. அங்கே துளைகள் மூன்றும் ஒரே வரிசையில், இரண்டு அளவில் இருக்கும். மெல்லிய இரட்டை முனை கொண்ட ஐரோப்பிய அடாப்டர் இரண்டு எடுத்துப்போங்கள். ஜெர்மன் வகைத் தடித்த முனை பல சாக்கெட்டுகளில் போகாது. மெல்லிய அடாப்டர் பெரிய கருவிகளுக்கு அல்ல. இந்தக் குக்கர் அளவு தாங்கும், ஹீட்டர் அளவு தாங்காது.

தண்ணீர் பஞ்சாயத்துக் குழாயா, கிணறா, ஊற்றா? கிணறு என்றால் பம்பு இருக்கும். கரண்ட் போனால் தண்ணீரும் போகும். குடிக்கலாமா என்று நேராகக் கேளுங்கள். சுடுதண்ணீர் 80 லிட்டர் மின் கொதிகலன் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 65 டிகிரியில் இருக்கும் 80 லிட்டரைக் குளிர்ந்த நீரோடு கலந்தால் குளிக்கும் சூட்டில் சுமார் 160 லிட்டர் வரும். ஐந்து நிமிட ஷவருக்கு 50 லிட்டர். மூன்று பேர் குளிக்கலாம், நான்காவது ஆள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். மறுபடி சூடாக நான்கு மணி நேரம் ஆகும். இரண்டு பேர் காலையில், இரண்டு பேர் இரவில் என்று முறை வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகும். காகிதம் தவிர எதையும் உள்ளே போடாதீர்கள், பிளீச்சிங் ஊற்றினால் மலத்தைக் கரைக்கிற கிருமிகள் செத்து நாற்றம் கிளம்பும்.

அடுப்பு பெரும்பாலும் சிலிண்டர் எரிவாயு. 10 அல்லது 15 கிலோ சிலிண்டர் வெளியே கூண்டுக்குள் இருக்கும். நிரம்பிய இன்னொன்று உண்டா, எப்படி மாற்றுவது என்று பார்த்துவையுங்கள். ஞாயிறு மதியம் தீர்ந்தால் கடை திறந்திருக்காது. மலை ஊர்களில் கடைகள் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை மூடியிருக்கும், வாரத்தில் இன்னொரு அரை நாளும் மூடியிருக்கலாம். வரும் வழியிலேயே பெரிய ஊர் சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு நாளுக்கு வாங்கிவிடுங்கள். பாஸ்மதி அரிசி, பருப்பு வகைகள், தயிர் கிடைக்கும்; கறிவேப்பிலையும் புளியும் ஊரிலிருந்து வர வேண்டியவை.

குளிர்தான் செப்டம்பர் கடைசியின் பொறி. பகலில் இதமான வெயில், 600 மீட்டர் உயரத்தில் இரவு பத்து டிகிரிக்குக் கீழே இறங்கலாம். அரை மீட்டர் தடிமனான கல் சுவர் கோடையில் வரம், இப்போது ஈரம் கக்கும். ஹீட்டரைப் போடலாமே என்றால், அதற்குச் சட்டத்தில் காலம் வகுத்திருக்கிறார்கள். ஃபிளாரன்ஸும் சியெனாவும் இருக்கும் 'டி' மண்டலத்தில் நவம்பர் 1 முதல், பெருஜா இருக்கும் 'இ' மண்டலத்தில் அக்டோபர் 15 முதல். அதற்கு முன் கடுங்குளிர் வந்தால் வழக்கமான நேரத்தில் பாதி மட்டும் ஓட்டலாம். பல வீட்டுக்காரர்கள் அதற்கும் முன்வருவதில்லை, ஏனென்றால் சிலிண்டர் வாயுவில் சூடாக்குவது செலவு. கணப்பா, மரத்தூள் உருண்டை எரிக்கும் அடுப்பா, காய்ந்த விறகு எத்தனை நாளுக்கு வாடகையில் சேர்த்தி என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஈர விறகு வீட்டைச் சூடாக்காது, புகையைத்தான் கூடத்துக்கு அனுப்பும். நீச்சல் குளத்தை நம்பிக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள். செப்டம்பர் முடிவில் பலர் மூடிவிடுவார்கள், திறந்திருந்தாலும் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும்.

விளம்பரத்தில் யாருமே சொல்லாத ஒன்று: வேட்டை. இத்தாலியில் வேட்டைக் காலம் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு தொடங்கி ஜனவரி 31 வரை. வேலி போட்டு அடைக்காத தனியார் நிலத்துக்குள் வேட்டைக்காரர்கள் நுழையச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஞாயிறு அதிகாலையில் ஜன்னலுக்கு வெளியே துப்பாக்கிச் சத்தமும் நாய்க் குரைப்பும் கேட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் அன்று காட்டுப் பாதையில் நடக்கவும் வேண்டாம். செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்க வேட்டைக்குத் தடை. நீண்ட நடையை அந்த இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாட்களில் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். இரவில் காட்டுப்பன்றி வரும், குப்பைப் பையை வெளியே வைக்காதீர்கள். கல் சுவரில் சின்னக் கருந்தேள் இருக்கும். நம் ஊர்ச் செந்தேள் மாதிரி ஆபத்தானதல்ல, ஆனாலும் செருப்பை உதறிப் போடுவது நல்லது.

கடைசியாகக் காசு. முன்பணம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'அக்கோந்தோ' என்றால் வாடகையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது, அவ்வளவுதான். 'கப்பாரா கொன்ஃபிர்மதோரியா' என்றால் நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும். வீட்டுக்காரர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும், சிவில் சட்டம் 1385ஆம் பிரிவு. நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள், எனவே வீட்டை முதலில் பிடிக்க வேண்டும். விசா மறுத்தால் கப்பாரா போச்சு. "விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டி முழுத் தொகையும் திரும்பப் பெறலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது இலவசமாக ரத்து செய்யும் தேதி விசா முடிவுக்குப் பின்னால் வரும்படி பதிவு செய்யுங்கள். விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கலாம், முடிவுக்குப் பதினைந்து நாள் என்றாலும் நாற்பத்தைந்து வரை இழுக்கலாம். பதிவுச் சான்றில் நான்கு பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மற்ற மூன்று பேர் எங்கே தங்குகிறார்கள் என்று கேள்வி வரும்.

வங்கிக்கு நேராக அனுப்பச் சொன்னால் கணக்கு எண் ஐ.டி. என்று தொடங்கி மொத்தம் 27 எழுத்தும் எண்ணுமாக இருக்கிறதா, ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறு நாட்டுக் கணக்கு என்றால் நிறுத்துங்கள்.

சேர்ந்த அன்று எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வீட்டுக்காரர் கேட்பார். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் பதிவது அவர் கடமை, சந்தேகப்பட வேண்டாம். ஃபிராங்ஃபர்ட், பாரிஸ் என்று வேறு ஷெங்கன் நாடு வழியாக வந்திருந்தால் அந்தப் பதிவின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வருகிறவர்கள் இத்தாலியில் இருப்பதை எட்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், தெரிவித்ததற்கு அதுதான் சாட்சி. தங்கல் வரி ஊருக்கு ஊர் மாறும், ஆளுக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று பெரும்பாலும் கையில் வாங்குவார்கள். துப்புரவு, படுக்கை விரிப்பு, விறகு, எரிவாயு எதெல்லாம் தனி என்பதை முன்பே கேட்டிருப்பீர்கள். எரிவாயு மீட்டர்படி என்றால், சாவி வாங்கின நிமிடமே மீட்டர் காட்டும் அளவைப் படமெடுங்கள், சாவி கொடுக்கும் முன் வீட்டுக்காரரை பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு படம்.